யார் வீட்டுப் பிள்ளை?

மட்டாஞ்சேரிக்கு நான் போனது வட்டெழுத்துக்காக. கொச்சி யூதர்களிடம் ஒரு செப்பேடு இருக்கிறது. கி.பி. 1000ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகனுக்கு எழுதிக் கொடுத்தது. எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் கல்வெட்டியல் தாளுக்காக அதன் படியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டியிருக்கிறேன். அசலை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. போனால், அதெல்லாம் உள்ளே பூட்டி வைத்திருக்கிறது, காட்டுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வந்ததுக்குக் கட்டடத்தையாவது பார்ப்போமே என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன்.

1568இல் கட்டிய ஜெபாலயம். தரை முழுக்கச் சீனத்து ஓடுகள், வெள்ளையில் நீலச் சித்திரம். மேலே கண்ணாடி விளக்குகள். பரதேசி ஜெபாலயம் என்று பெயர். நம்ம ஊரில் பரதேசி என்றால் திட்டு. அங்கே அதுதான் உசந்த பேரு. ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள், அலெப்போ முதலான ஊர்களிலிருந்து வந்தவர்கள் என 16ஆம் நூற்றாண்டு தொட்டு வந்து சேர்ந்தவர்கள் பரதேசி யூதர்கள். 'வெள்ளை யூதர்' என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே வந்து மலையாளமே வாயாகிப் போனவர்கள் மலபார் யூதர்கள். இவர்களுக்கு 'கறுப்பு யூதர்' என்று பெயர். பின்னால் வந்தவன் முன்னால் இருந்தவனைப் பார்த்து, நீ சுத்த யூதனில்லை, அடிமை வழி வந்தவன் என்று சொல்லியிருக்கிறான். இந்த மண்ணில் கால் வைத்த மாத்திரத்தில் அந்தப் பாடம் வந்துவிடுகிறது போல.

கூட வந்த எர்ணாகுளத்து நண்பர் ஜெபாலயத்தின் முன்னறையைக் காட்டி, உள்ளே இடமில்லாதவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள் என்றார். அஸாரா என்று அந்த முன்னறைக்குப் பெயர். செப்பேடு என் மண்டையிலிருந்து போய்விட்டது. அந்த முன்னறையைப் பற்றித்தான் ஊர் திரும்பியும் படித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே உட்கார்ந்தவர்கள் மூன்றாவதாக ஒரு கூட்டம். மெஷுக்ராரிம் என்று பெயர். எபிரேயச் சொல். விடுவிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். பரதேசி யூதர்களின் வீடுகளில் இருந்த அடிமைகள், எஜமானுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகள், அவர்கள் வழிவந்தவர்கள். விடுவிக்கப்பட்டவர்கள் என்ற சொல் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எந்தக் காலத்திலோ விடுதலையான பாட்டியின் பேரனுக்குப் பேரன் வரைக்கும் அது ஒட்டிக்கொண்டே வருகிறது என்றால் அது விடுதலையைச் சொல்லும் பெயரா, அடிமைத்தனத்தை மறக்க விடாத பெயரா?

அவர்களும் ஓய்வுநாளை அனுசரித்தார்கள். பிறந்த எட்டாம் நாள் ஆண்பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்தார்கள். அதே எபிரேயத்தில் ஜெபித்தார்கள். ஆனால் உள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது. தோராச் சுருளை வாசிக்க அவர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கமாட்டார்கள். சாமியை நம்மைவிட ஒழுங்காகக் கும்பிடுகிறான், இருந்தாலும் வெளியே நில் என்பது நமக்குப் புதுசா என்ன?

இதை 'கொச்சியில் சாதி நுழைந்துவிட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடித்திருக்கிறார்கள். நான் அங்கே நிறுத்த விரும்பவில்லை. பாதி ரத்தம் உள்ள பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வி யூத மதத்துக்குள்ளேயே ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகக் கிடந்து புழுங்குகிறது. அதைப் பார்க்காமல் கொச்சியைப் புரிந்துகொள்ள முடியாது.

யூத சட்டத்தில் 'பாதி யூதர்' என்று ஒருவர் கிடையாது. ஒன்று யூதர், இல்லையென்றால் யூதரில்லை. அம்மா யூதப் பெண் என்றால் பிள்ளை யூதப்பிள்ளை, அப்பன் யாராக இருந்தாலும் சரி. அம்மா யூதரில்லை என்றால் அப்பன் எவ்வளவு பெரிய வம்சமானாலும் பிள்ளை யூதரில்லை. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத்தொகுப்பில், கித்துஷின் என்ற பகுதியில் இந்த விதி இருக்கிறது. ஆனால் பழைய ஏற்பாட்டைப் புரட்டினால் கதை வேறு. அங்கே வம்சம் அப்பன் வழிதான். யோசேப்பின் மனைவி எகிப்துக்காரி, மோசேயின் மனைவி மீதியான்காரி. அவர்கள் பெற்ற பிள்ளைகளை யாரும் வெளியே நிறுத்தவில்லை. தாவீது ராஜாவின் கொள்ளுப்பாட்டி ரூத், மோவாபியப் பெண். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய பிறகு எஸ்றா வருகிறார். அந்நிய ஜாதிப் பெண்களையும் அவர்கள் பெற்றவர்களையும் அனுப்பிவிடச் சொல்லிக் கூட்டம் கூட்டி முடிவெடுக்கிறார்கள். எந்தெந்த வீட்டில் அப்படிப்பட்ட மனைவி இருந்தாள் என்று ஆண்களின் பேர்ப்பட்டியல் அங்கே இருக்கிறது. அனுப்பப்பட்ட பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

அப்பன் வழி எப்போது அம்மா வழியானது என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. ரோமச் சட்டத்தின் சாயல் அதில் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. இன்றைக்கும் ஆசாரிய வம்சம் மட்டும் அப்பன் வழியே போகிறது. ரத்தம் என்பது இயற்கை என்றால் ஒரு விஷயத்துக்கு அம்மாவிடமிருந்தும் இன்னொரு விஷயத்துக்கு அப்பனிடமிருந்தும் அது எப்படி ஓடும்? ஓட விடுகிறவன் மனுசன். மனுசன் போட்ட வாய்க்கால்.

அம்மா வழி என்றதும் நம் தோழர்கள் சிலருக்கு இது பெண்ணுக்கு மரியாதை கொடுக்கிற விதி என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அதே மிஷ்னா விதி அடிமைப் பெண்ணைப் பற்றியும் பேசுகிறது. அடிமைப் பெண் பெற்ற பிள்ளை அவளைப் போலவே அடிமை. அப்பன் யூத எஜமானாகவே இருந்தாலும்! அமெரிக்காவில் வர்ஜீனியா காலனி 1662இல் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. பிள்ளையின் நிலை தாயின் நிலை. அதனால் வெள்ளை எஜமான் கறுப்பு அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை அவனுக்கு மகனில்லை, சொத்து. அம்மா பெயரைச் சொல்லியே அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்துக் கட்டிப்போட முடிகிறது. விதி யாருக்கு நல்லது என்பது, அது எந்தப் பெண்ணின் மேல் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

ஆனால் யூத சட்டத்தில் ஒரு கதவும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அடிமையை முறைப்படி விடுவித்து, நீரில் முழுக்கிட்டுவிட்டால் அவர் யூதர். மதம் மாறி வந்தவரைப் போலவே. ஆசாரியக் குடும்பத்தில் கல்யாணம் மாதிரி ஒன்றிரண்டு விலக்குகள் உண்டு. மற்றபடி ஜெபத்தில் இடமுண்டு, தோராவில் இடமுண்டு, பெண் கொடுக்கல் வாங்கலும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஒபதியா என்ற மதம் மாறியவர் மைமோனிடிஸிடம் கேட்கிறார்: எங்கள் பிதாக்களின் தேவனே என்று ஜெபத்தில் வருகிறதே, என் முன்னோர் யூதரில்லையே, நான் அதைச் சொல்லலாமா? சொல்லலாம், ஒரு எழுத்து மாற்றாமல் சொல், ஆபிரகாம் உனக்கும் தகப்பன்தான் என்று அவர் பதில் எழுதினார். ரத்தம் இல்லாதவனுக்கே இந்தப் பதில் என்றால், எஜமானின் ரத்தமும் இருந்து, விடுதலைப் பத்திரமும் இருந்து, முழுக்கும் போட்டவனுக்கு என்ன பதில் இருந்திருக்க வேண்டும்?

கொச்சிக்காரர்கள் இதைக் கேட்கவும் செய்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த ரபி தாவீது இப்ன் சிம்ராவுக்குக் கொச்சியிலிருந்து ஒரு கேள்வி போனது. சுமார் 900 குடும்பங்கள், அதில் 100 குடும்பம் தங்களை வம்சாவளி யூதர் என்று சொல்லிக்கொண்டு மற்றவர்களை அடிமைகள் என்று ஒதுக்குகிறது, சம்பந்தம் செய்வதில்லை, ஓயாத சண்டை. என்ன செய்வது? ரபி தீர்ப்புச் சொன்னார். விடுதலை முறைப்படி நடந்ததா என்று சந்தேகமானால் முழுக்குப் போட்டுக்கொள்ளட்டும், அதற்குப் பிறகு தாராளமாகச் சம்பந்தம் செய்யலாம். அவ்வளவுதான். வழக்கு முடிந்திருக்க வேண்டும். நானூறு வருஷம் முடியவில்லை. சட்டம் திறந்துவிட்ட கதவை ஆட்கள் சாத்தி வைத்துக்கொண்டார்கள்.

ஏன் என்று கேட்டால் நான் மறுபடியும் அந்தச் செப்பேட்டிடம்தான் போவேன். 72 உரிமைகளை மன்னன் கொடுத்தான் என்கிறது அது. பல்லக்கு, குடை, பகல் விளக்கு, முரசு, ஊதுகொம்பு. நம் பாட்டன் குடை பிடித்ததுக்கு அடி வாங்கினான், மேளம் வைத்து ஊர்வலம் போனதுக்கு அடி வாங்கினான். அதே குடை, அதே மேளம்தான் அங்கே உரிமையாக வந்திருக்கிறது. கேரளத்தில் யூதரைச் சேர்த்துக்கொண்டார்கள், இம்சிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், ஐரோப்பாவில் நடந்ததெல்லாம் இங்கே நடக்கவில்லை. ஆனால் எந்தப் படியில் சேர்த்தார்கள்? குடை பிடிக்கிற படியில். அந்தப் படியில் நிற்க வேண்டுமென்றால் கீழே ஒருத்தன் வேண்டும். பக்கத்து வீட்டு நாயரும் நம்பூதிரியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தன் அடிமைப் பெண் பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தால் தன் படி இறங்கிவிடும். கெய்ரோ ரபிக்கு இந்தப் படிக்கட்டு தெரியாது.

அந்தப் பெஞ்சில் உட்கார ஒரு வக்கீல் வர வேண்டியிருந்தது. ஆபிரகாம் பராக் சேலம், 1882இல் பிறந்தவர், மெஷுக்ராரிம் குடும்பம். சென்னையில் சட்டம் படித்தார். எர்ணாகுளத்தில் வக்கீல் தொழில். தொழிலாளர் பக்கம் பேசினார். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தார். 'யூத காந்தி' என்று பின்னால் பெயர் வந்தது. சட்டசபையில் நாற்காலி உண்டு, கோர்ட்டில் நாற்காலி உண்டு, தன் சாமி முன்னால் இல்லை. அவர் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் நடத்தினார். கொச்சிக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் வைக்கம். 1924-25இல் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக அங்கே போராட்டம் நடந்தது, பெரியார் சிறைக்குப் போனார். அந்தத் தலைமுறையின் காற்று ஜூதத் தெருவுக்குள்ளும் அடித்திருக்கிறது.

தடைகள் ஒரே நாளில் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இடம் கிடைத்தது, தோராவை வாசிக்கும் முறை கிடைத்தது. 1937இல் அங்கே போன அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மண்டெல்பாம், பழைய கட்டுகள் பல தளர்ந்துவிட்டதைப் பதிவு செய்திருக்கிறார். கல்யாணம்தான் கடைசிக் கதவு. சேலத்தின் மகனும் பரதேசிக் குடும்பத்துப் பெண் ஒருவரும் 1950இல் கல்யாணம் செய்துகொண்டபோது கொச்சியில் செய்ய முடியவில்லை. பம்பாய்க்குப் போய்த்தான் செய்தார்கள். அதே வருஷம் ஜனவரியில்தான் தீண்டாமை ஒழிந்தது என்று எழுதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெண்கள் பக்கத்துக் கதையைச் சொன்னவர் ரூபி டேனியல். அவரும் மெஷுக்ராரிம் என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பத்தில் 1912இல் பிறந்தவர். 1951இல் இஸ்ரேலுக்குப் போய்க் கிபுட்சில் வாழ்ந்து, தன் எண்பதுகளில் அவர் சொன்ன நினைவுகள் 1995இல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. சுயசரிதை எழுதும் நம் பெண்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

யூத வழக்கப்படி கூட்டு ஜெபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும், வயதுவந்த ஆண்கள். மலபார் யூதர்களில் பெரும்பாலோர் 1950களின் நடுவில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். பரதேசிகளும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே உள்ளூர் ஆட்களை வைத்துப் பத்து சேரவில்லை. வெளியூரிலிருந்து வரும் யூத விருந்தாளிகளைச் சேர்த்துத்தான் எண்ண வேண்டியிருந்தது. சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒதுக்கி ஒதுக்கி வந்தவர்களுக்குக் கடைசியில் ஜெபிக்கவே ஆள் போதவில்லை.

இப்போது மதத்தின் பக்கம் திரும்புகிறேன். பழி எல்லாவற்றையும் கேரளத்துச் சாதியின் தலையில் போட்டுவிட்டு மிஷ்னாவைக் கழுவி வைத்துவிட முடியாது. கித்துஷின் பகுதியில் நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பாபிலோனிலிருந்து பத்து வம்சங்கள் ஏறி வந்தன என்கிறது. ஆசாரியர், லேவியர், இஸ்ரவேலர், ஆசாரியத் தகுதி கெட்டவர், மதம் மாறியவர், விடுவிக்கப்பட்டவர், மம்ஸேர், கோயில் ஊழியத்துக்கு ஒப்படைக்கப்பட்டவர், அப்பன் தெரியாதவர், தெருவில் கண்டெடுக்கப்பட்டவர். யார் யாரோடு சம்பந்தம் செய்யலாம் என்று கணக்கு. மனுதர்மத்தின் பத்தாவது அத்தியாயத்தில் எந்த வர்ண ஆணும் எந்த வர்ணப் பெண்ணும் சேர்ந்தால் எந்தச் சாதி பிறக்கும் என்று வாய்ப்பாடு போட்டிருக்கிறானே, அதைப் படித்தவனுக்கு இந்தப் பட்டியல் வயிற்றைப் பிசையும். ரெண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மனுவின் சண்டாளனுக்குக் கிணறு இல்லை, ஊர் இல்லை. மிஷ்னாவின் மம்ஸேர் ஊருக்குள்தான் இருக்கிறான், சொத்து வாரிசும் உண்டு. படித்த மம்ஸேர் படிக்காத பிரதான ஆசாரியனுக்கு முந்தியவன் என்று அதே மிஷ்னா வேறோர் இடத்தில் சொல்கிறது. மனுவின் வாயில் அப்படி ஒரு வாக்கியம் வருமா? ஆனால் மம்ஸேர் கல்யாணம் என்று வந்தால் முடிந்தது. இன்னொரு மம்ஸேரையோ மதம் மாறியவரையோதான் கட்டலாம், பிள்ளைகளும் மம்ஸேர்.

நம்ம பழைய தமிழ் பைபிளில் உபாகமம் 23இல் மம்ஸேரை 'வேசிப்பிள்ளை' என்று பெயர்த்திருக்கிறார்கள். தப்பு. யூத சட்டத்தில் கல்யாணமாகாத பெண் பெற்ற பிள்ளை மம்ஸேர் ஆகாது. இன்னொருவனுக்குக் கட்டுப்பட்ட பெண் வேறொரு யூதனிடம் பெற்றால், அல்லது விலக்கப்பட்ட உறவில் பெற்றால்தான். ஆக, மம்ஸேர் முழு யூதர். அம்மாவும் யூதர், அப்பனும் யூதர். பாதி ரத்தக்காரனுக்காவது முழுக்கு என்று ஒரு வழி உண்டு, முழு ரத்தக்காரனான இவனுக்கு வழியே இல்லை!

இந்த அநியாயம் அவர்களுக்கே உறுத்தியிருக்கிறது. லேவியராகமத்துக்கு எழுதிய பழைய விளக்கநூலான வாயிக்ரா ரப்பாவில் தானியேல் என்று ஒரு தையற்காரர் வருகிறார். ஒடுக்கப்பட்டோரின் கண்ணீரைப் பற்றிப் பிரசங்கியின் புத்தகத்தில் ஒரு வசனம் இருக்கிறது. அந்தக் கண்ணீர் மம்ஸேர்களின் கண்ணீர் என்று அவர் விளக்கம் சொல்கிறார். அப்பன் ஆத்தா செய்ததுக்கு இந்தப் பிள்ளை என்ன பண்ணும்? அப்படியானால் ஒடுக்குகிறவர்கள் யார்? இஸ்ரவேலின் பெரிய நீதிசபைதான், தோராவின் பலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவர்களைத் தள்ளுகிறது என்கிறார். இவர்களைத் தேற்றுவது என் பொறுப்பு என்று கடவுள் சொல்வதாக முடிகிறது. ஒரு தையற்காரர், வேதத்தை வைத்தே வேதத்தின் காவலர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். அதை அழிக்காமல் தங்கள் நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த நேர்மைக்கு நான் கும்பிடு போடுவேன். சட்டம் என்னவோ மாறவில்லை.

இந்தச் சட்டம் நம் நாட்டு ஆட்கள் மேலும் விழுந்தது. மராட்டியத்துக் கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள் பெனே இஸ்ரேல் என்ற யூதர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் சனிவார் தேலி என்று ஊரார் அழைத்தார்கள். அவர்களுக்குள்ளும் கோரா, காளா என்று வெள்ளை கறுப்புப் பிரிவு இருந்தது. வேற்றினப் பெண்ணிடம் பெற்ற வழியினர் காளா. இவர்கள் இஸ்ரேலுக்குப் போனார்கள். அங்கே 1962இல் தலைமை ரபிகள் சபை ஓர் உத்தரவு போட்டது. பெனே இஸ்ரேல் ஒருவர் மற்ற யூதரைக் கட்ட வேண்டுமானால் அம்மா, அம்மாவின் அம்மா என்று முடிந்த மட்டும் பின்னோக்கி விசாரிக்க வேண்டும். கலப்பு இருக்குமோ, மணமுறிவு முறைப்படி நடந்திருக்குமோ என்று சந்தேகம். கோராவாக இருந்தவன் காளாவைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி இப்போது கோராவையும் சேர்த்தே கேட்கப்பட்டது. அவர்கள் 1964இல் ஜெருசலேமில் உட்கார்ந்து போராடினார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவர்கள் எல்லா வகையிலும் சமமான யூதர்கள் என்று தீர்மானம் போட்டது. உத்தரவிலிருந்து அவர்கள் பெயர் எடுபட்டது.

இடையில் இன்னொரு கணக்கும் வந்து போனது. 1935இல் நாஜிகள் தாத்தா பாட்டிகளை எண்ணினார்கள். மூன்று பேர் யூதர் என்றால் யூதன். இருவர் என்றால் முதல்தரக் கலப்பு, ஒருவர் என்றால் இரண்டாம்தரக் கலப்பு. ரபி வேண்டாம் என்று சொன்ன பிள்ளையையும் நாஜி விடவில்லை. இஸ்ரேலின் திரும்பிவரும் சட்டம் 1970இல் திருத்தப்பட்டபோது யூதரின் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் வாழ்க்கைத் துணைக்கும் வந்து குடியேறும் உரிமை கொடுத்தது. சோவியத் உடைந்த காலத்தில் அப்படி லட்சக்கணக்கானோர் வந்தார்கள். குடிமகன், வரி கட்டுகிறான், பட்டாளத்தில் நிற்கிறான். ஆனால் அம்மா யூதரில்லை என்றால் ரபி சபை அவனை யூதனாக எண்ணாது. அங்கே சிவில் கல்யாணமும் இல்லாததால் சைப்ரஸ் பக்கம் போய்க் கட்டிக்கொண்டு வருகிறார்கள். சாவதற்கு யூதன், கல்யாணத்துக்கு இல்லை. (மாஸ்கோவில் பிறந்தவனுக்குத் தாத்தா வழியில் திறக்கிற இந்தக் கதவு, 1948இல் அந்த மண்ணிலேயே பிறந்து விரட்டப்பட்ட பாலஸ்தீனனுக்குத் திறக்கவில்லை. அது தனியே எழுத வேண்டியது.)

எங்கள் கதை ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சில வருஷம் முந்தி, நான் சேர்ந்து வேலை செய்யும் ஒரு சிற்றிதழ்க் கூட்டத்தில் சாட்சியங்களுக்கென்று ஓர் இதழ் போடத் தீர்மானித்தோம். ஒரு பெண் கவிதைகள் கொண்டுவந்தாள். அம்மா நம் ஆட்கள், அப்பன் இடைச்சாதி. அப்பன் வீட்டார் வாசலில்கூட நிற்கவிடவில்லை. சேரியில் ஆச்சி வீட்டில் வளர்ந்தவள். கவிதை முழுக்க அந்த வீடுதான். ஒரு தோழர் எடுத்த எடுப்பில், "சர்ட்டிபிகேட்ல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். அப்பன் சாதியைத்தான் போட்டிருந்தது. "அப்ப இது அனுதாபக் கவிதைதானம்மா, சாட்சியம் ஆகாதே" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அண்ணே, நான் அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னா எங்க போறது?" என்று கேட்டாள். நான் கையிலிருந்த டீக்கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கவிதைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தத் தோழர் கெட்டவர் இல்லை. பொய்ச் சான்றிதழ் வாங்கி நம் பிள்ளைகளின் சீட்டைப் பிடுங்கிக்கொள்கிறவர்களை எதிர்த்து வருஷக்கணக்காக அலைந்தவர். கதவே வேண்டாம் என்று சொல்வது, எல்லாக் கதவும் ஏற்கெனவே திறந்திருப்பவனுக்குச் சுலபம். துரத்தப்பட்ட ஜனம் தன் வாசலில் நின்று நீ யார் என்று கேட்டால் அது குற்றமில்லை. யூதர் கேட்டதிலும் அந்த நியாயம் உண்டு. என்ன கேட்கிறோம் என்பதில்தான் விவகாரம்.

தல்மூத்தில், யெவமோத் பகுதியில், மதம் மாற வருகிறவனிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று இருக்கிறது. உன் அம்மா யார் என்றில்லை. இந்த ஜனம் இன்றைக்கு நொந்து, நெருக்கப்பட்டு, அலைக்கழிக்கப்பட்டுக் கிடக்கிறதே, உனக்குத் தெரியுமா? தெரியும், இருந்தும் வருகிறேன், அதற்குக்கூட நான் தகுதியில்லை என்றால் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். 2012இல் நம் உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கொன்றில் ஏறக்குறைய இதற்கே வந்து சேர்ந்தது. கலப்புமணத்துப் பிள்ளைக்கு அப்பன் சாதி என்பது ஓர் அனுமானம் மட்டும், முடிந்த முடிவல்ல. தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடித் தாயால் வளர்க்கப்பட்டு, அந்தச் சமூகத்தார் படும் இழிவையும் இல்லாமையையும் தானும் பட்டதாகப் பிள்ளை நிரூபித்தால் அந்தச் சமூகத்துப் பிள்ளைதான். அமெரிக்காவின் சீர்திருத்த யூதர்கள் 1983இல், அம்மா அப்பா இருவரில் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளையும் வெளிப்படையாக யூதராகவே வாழ்ந்துவந்தால் போதும் என்றார்கள். வைதிகர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

மிஷ்னாவில் கித்தின் பகுதியில் ஒரு விசித்திர ஆள் வருகிறான். பாதி அடிமை, பாதி சுதந்திரன். கூட்டாளிகள் இருவருக்குச் சொந்தமான அடிமை, ஒருவன் தன் பங்கை விடுவித்துவிட்டான். என்ன செய்வது? ஹில்லேலின் பள்ளி ஒரு வழி சொல்கிறது. ஒருநாள் எஜமானுக்கு வேலை செய்யட்டும், ஒருநாள் தனக்கு. ஷம்மாயின் பள்ளி மடக்குகிறது. எஜமானுக்கு வழி பண்ணிவிட்டீர்கள், அவனுக்குப் பண்ணவில்லையே! பாதி சுதந்திரன் என்பதால் அடிமைப் பெண்ணைக் கட்ட முடியாது, பாதி அடிமை என்பதால் சுதந்திரப் பெண்ணைக் கட்ட முடியாது. அவன் எங்கே போவான்? ஆகவே மிச்சப் பாதியையும் விடுவிக்கச் சொல்லி எஜமானைக் கட்டாயப்படுத்த வேண்டும். ஹில்லேல் பள்ளி தான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டு இதையே தீர்ப்பாகச் சொல்லத் தொடங்கியது. எங்கள் கூட்டத்தில் அந்தப் பெண் கேட்ட அதே கேள்வி. அங்கே அதைக் கேட்டதும் ஒரு பள்ளியே தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டிருக்கிறது.

போன மாசம் அவளுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். அன்றைக்கு நான் பேசாமல் இருந்ததை எழுதி, அந்தக் கவிதைகளை எங்களுக்கே அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முகவரி பழசு. பதில் இன்னும் வரல்ல.